ஆரோவில்லில் தனியாகத் தங்க நினைக்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில், பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஊரான ஆரோவில்லுக்குத் தனியாகத் தாராளமாகப் போகலாம், போனால் தங்க வேண்டும். பாண்டிச்சேரி சுற்றுலாவில் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்கி, தூரத்தில் நின்று மாத்ரி மந்திர் என்ற தியானக்கூடத்தின் பொன்னிற உருண்டையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வெயில், செம்மண், கொஞ்சம் நடை, அவ்வளவுதான். நம்மில் பலர் அப்படித்தான் பார்த்துவிட்டு வந்து "அங்க ஒண்ணுமே இல்லப்பா" என்கிறோம். அங்கே தங்கி, யார் சமைக்கிறார்கள், யார் மண் வெட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்த ஊரின் ஆன்மிகம் முக்கால்வாசி அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

நான் தொடக்கப்பள்ளி ஒன்றின் கேன்டீனில் இந்திய உணவுக்கடை வைத்திருக்கிறேன். பள்ளி நாளில் விடிகாலையில் உலை வைத்தால், பிள்ளைகளின் இடைவேளையெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்வரை உட்கார நேரமிருக்காது. ஆண்டுக் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டால்தான் எங்களுக்கு மூச்சு. வழக்கமாகக் குடும்பத்தோடு மலேசியா போவோம். போன விடுமுறையில் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, மகன் தேசிய சேவையில் இருந்தான். கடையைத் தேய்த்துக் கழுவிப் பூட்டிய அன்று இரவு கைப்பேசியில் பார்த்தால் சென்னைக்கு டிக்கெட் மலிவாக இருந்தது. ஒரு கல்யாணத்துக்காக எடுத்த இந்திய இ-விசாவும் இன்னும் செல்லுபடியாக இருந்தது. சரி, போகலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

உட்லண்ட்ஸில் இருக்கும் தங்கச்சிக்குச் சொன்னேன். "தனியாவா? ஆசிரமத்துலயா? வீட்ல ஏதும் பிரச்சினையாக்கா?" என்றாள். நம் ஆட்களிடம் இதுதான் வரும். ஒரு பெண் ஷாப்பிங் போகிறேன் என்றால் யாரும் கேட்பதில்லை. ஆன்மிக இடத்தில் தனியாகத் தங்கப் போகிறேன் என்றால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கொஞ்ச நாள் யாரும் கூப்பிடாத இடத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தேக்கா சந்தைக்குப் போகவே துணை தேடும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆரோவில் ஆசிரமம் இல்லை. போகிறவர்கள் இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் பாண்டிச்சேரி நகருக்குள் இருக்கிறது, 1926இல் தொடங்கியது, அவருடைய சமாதியும் அங்கேதான். ஆரோவில் அதற்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருக்கும் ஓர் ஊர். அன்னை என்று நாம் சொல்லும் மிர்ரா அல்ஃபாசாவின் எண்ணம் அது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்து வந்த மண்ணை ஒரு பளிங்குத் தாழியில் இட்டுத் தொடங்கினார்கள். அன்னைக்கு அப்போது தொண்ணூறு வயது. விழா நடந்த இடத்துக்கு அவர் வரவில்லை, ஆசிரமத்தில் தன் அறையில் இருந்தபடி சாசனத்தை வாசிக்க, வானொலி வழியாக விழா நடந்த இடத்தில் கேட்டார்கள். ஆரோவில் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை, மனித குலம் முழுமைக்கும் சொந்தம் என்று அந்தச் சாசனம் தொடங்கும்.

50,000 பேர் வாழ வேண்டும் என்று ரோஜர் ஆஞ்சே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் நகரத்தை வரைந்தார். இன்று இருப்பவர்கள் 3,000 பேருக்குச் சற்று மேல். பல நாட்டவர் உண்டு, ஆனால் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் நிறைய. அங்கே குரு என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பூசை கிடையாது, மணியடிப்பது கிடையாது, பிரசாதமும் இல்லை. இத்தனை மணிக்குத் தியானம், இத்தனை மணிக்குச் சொற்பொழிவு என்று கால அட்டவணை கையில் கொடுத்து வழிநடத்தும் இடங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது வெறுமையாகத் தெரியும். எனக்கு அந்த வெறுமைதான் வேண்டியிருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் இடம் கிடைக்குமா என்றால், காலத்தைப் பொறுத்தது. டிசம்பர் பாதியிலிருந்து மார்ச்வரை வெளிநாட்டவர் கூட்டம், அப்போது அறை குதிரைக்கொம்பு. நான் போனது மழைக்காலத்தின் நடுவில். முதலில் கூப்பிட்ட விடுதிகள் கைவிரித்தன, பிறகு ஒன்றில் மழைக்குப் பயந்து யாரோ ரத்து செய்த அறை இருந்தது. எதற்காக வருகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்டார்கள். ஒரே ஓர் இரவு என்றால் அவ்வளவாக விரும்புவதில்லை. அங்கே தங்குமிடங்கள் எல்லாம் சமூகத்தின் விருந்தினர் இல்லங்கள். நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகிறது. எனக்கு ஓர் இரவுக்கு ஆன செலவு, ஆர்ச்சர்ட் ரோட்டு ஓட்டலில் ஒருவர் பஃபே சாப்பிடும் வெள்ளியைவிடக் குறைவு.

அறை என்றால் ஒரு கட்டில், கொசுவலை, மின்விசிறி, மேசை, ஜன்னலுக்கு வெளியே மரம். ஏசி இல்லை. குளியலறை இரண்டு அறைக்குப் பொது. சுத்தமாக இருந்தது, ஆனால் மழைநாளில் துவைத்த துணி காயவே காயாது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. நம் கடவுச்சீட்டைக் காட்டினால் வெளிநாட்டவருக்கான படிவம் நிரப்பச் சொல்வார்கள், இது இந்தியா முழுவதும் உள்ள சட்டம். ஒரு குறை சொல்ல வேண்டுமானால், நான் தங்கிய இடத்தில் தேடி வந்தவரிடம் ஊரைப் பற்றி விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. சாவியைக் கொடுத்து, கையால் வரைந்த ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், பாம்பு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முதல் நாள் மாலை எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. யாரிடம் பேசுவது, எங்கே சாப்பிடுவது என்று தெரியவில்லை. தனியாகப் போகிறவர்கள் அந்த முதல் மாலைக்குத் தயாராக இருங்கள். கையில் ரொட்டியோ பிஸ்கட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பசியாறப் போனபோது நிலைமை மாறியது. பப்பாளி, கேழ்வரகு ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், ஒரு ஜாடியில் பால். மற்ற விருந்தினர்கள் தட்டோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கண் பின்பக்கம் போனது. அங்கே ஓர் அக்கா பாயை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேசாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயோ, நீங்க கெஸ்ட்டும்மா, எந்திரிங்க."

"அக்கா, நானும் ஊர்ல இந்த வேலதான் செய்யறேன். இப்படிக் குடுங்க."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். அப்புறம் ஒரு கீரைக்கட்டை என் பக்கம் தள்ளினார். கீரையை முந்தின இரவே ஈரத் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார். கொத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினால் இலை பாதி தானாகக் கொட்டுகிறது. பழுத்த இலை மட்டும் காம்போடு நிற்கும், அதைத் தனியாக எடுத்துப் போட வேண்டும். தேக்காவில் வாங்கிவந்து ஒவ்வொரு காம்பாக உருவிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த உதறு ஒன்றே விமான டிக்கெட்டுக்கு ஈடு. காம்பெல்லாம் ஒரு வாளிக்கு, காய்த்தோல் இன்னொரு வாளிக்கு, எல்லாம் பின்னால் உரக்குழிக்குப் போகிறது. குப்பைப் பையே அந்தச் சமையலறையில் நான் பார்க்கவில்லை.

அந்த அக்கா பக்கத்துக் கிராமமான குயிலாப்பாளையத்துக்காரர். அவருடைய அப்பாவுக்கு முந்திரித் தோப்பும் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலமும் இருந்திருக்கின்றன. அதில் ஒரு பங்கை அந்தக் காலத்தில் ஆரோவில்லுக்கு விற்றார்கள். அண்ணன் மரம் நடக் குழி வெட்டும் வேலைக்குப் போனார். இவர் சமையலுக்கு வந்தார். மகள் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஆரோவில்காரர்கள் நடத்தும் பள்ளியில் படித்து இப்போது கணக்கு வேலை பார்க்கிறாள். "நல்லவங்களும் இருக்காங்க, வெடுக்குன்னு பேசுறவங்களும் இருக்காங்கம்மா. எல்லா ஊரும் அப்படித்தான?" என்றார். வித்தது நட்டமா லாபமா என்று கேட்டேன். கீரையை உதறிக்கொண்டே யோசித்தார். "அன்னிக்கு வெல கம்மி. இன்னிக்கு இருந்தா கோடி. ஆனா அன்னிக்கு அங்க நிழல் கெடயாதும்மா. இன்னிக்குப் போய்ப் பாரு."

அந்த நிழலைப் பார்க்கத்தான் அடுத்து போனேன். அதற்கு முன் சோலார் கிச்சனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தொழிலுக்கு நான் செய்யும் துரோகம்.

சோலார் கிச்சன் 1997 டிசம்பரில் தொடங்கிய பொதுச் சமையலறை. அதன் மொட்டைமாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கிண்ணம், உட்புறம் முழுக்கச் சிறு சிறு கண்ணாடிகள். சூரியனைத் தொடர்ந்து கிண்ணம் திரும்புவதில்லை, அது நிலையாகவே இருக்கும். நடுவில் தொங்கும் உருளைதான் வெயில் குவியும் இடத்தைத் தேடி நகரும். அந்தச் சூட்டில் நீராவி, அந்த நீராவியில் சமையல். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவுக்கு நீராவி வர வேண்டும் என்ற கணக்கில் கட்டியது. மேகமூட்டத்துக்கென்று டீசல் கொதிகலன் வைத்திருக்கிறார்கள். நான் போனது மழைக்காலம், அதனால் சூரியன் சமைத்ததைச் சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நீராவிச் சமையல் நீராவிச் சமையல்தான். எங்கள் கேன்டீனில் பெரிய அண்டாவில் பருப்பு வேகவைத்தால் என் கண் அதைவிட்டு நகராது. எரிவாயுத் தீ அடியை மட்டும் சுடும், ஒரு நிமிடம் கரண்டி நின்றால் அடிப்பிடித்துவிடும், அந்த வாசனை மொத்த சாம்பாருக்கும் ஏறிவிடும். அதற்காகவே நாம் தண்ணீரைக் கூட ஊற்றுகிறோம், பருப்பு கரைந்து கஞ்சியாகிறது. அன்று அங்கே சாப்பிட்ட பருப்பு முழுசாக இருந்தது, விரலால் தொட்டால் மசிந்தது. சோறு உதிரி. பூசணியும் பீன்ஸும் நிறம் மாறாமல் வெந்திருந்தன. புளியும் காரமும் நம் நாக்குக்குக் குறைவு, ஊறுகாய் இருந்தால் தேவலை என்று தோன்றும். தயிர் அருமை. மதிய உணவுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்றார்கள், விடுதியில் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அங்கே சாப்பிட வருகிறவர்களில் காட்டில் வேலை செய்பவர், ஆசிரியர், தச்சர், கட்டடம் வரைபவர் எல்லாரும் ஒரே வரிசையில் எவர்சில்வர் தட்டோடு நிற்கிறார்கள். தனியாகப் போனவளுக்கு அந்த நீள மேசைகள் பெரிய உதவி. எதிரே வந்து உட்காருபவர் தானாகப் பேச ஆரம்பிப்பார். குடும்பத்தோடு போயிருந்தால் நாங்கள் நாலு பேரும் எங்களுக்குள்ளேயே பேசிவிட்டு எழுந்திருப்போம்.

அப்படி எதிரே வந்து உட்கார்ந்தவர்தான் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனார். எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். இளைஞராக வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். நான் சாம்பாரைப் பற்றித் தமிழில் ஏதோ சொல்ல, விழுப்புரம் பக்கத்துத் தமிழில் அவர் பதில் சொன்னார். மறுநாள் காலை மழை விட்டதும் வரச் சொன்னார். "செருப்பு வேணாம்மா, வழுக்கும்" என்றார்.

ஆரோவில் இருக்கும் மேட்டுநிலம் 1968இல் எப்படி இருந்தது என்பதற்குப் பழைய படங்கள் விசிட்டர் சென்டரில் இருக்கின்றன. ஒன்றிரண்டு பனைமரம், மற்றபடி வெடித்த செம்மண், மழைநீர் அரித்துப் பறித்த பள்ளங்கள். மேல்மண் எல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்குப் பக்கத்து ஊரான இரும்பையில் ஒரு கதை சொல்கிறார்கள். இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடிய தலம். அங்கே தவம் செய்த கடுவெளிச் சித்தரை ஊரார் கேலி பேச, அவர் மனம் நொந்து பாட, லிங்கம் வெடித்ததாம். அந்தச் சாபத்தில்தான் நிலம் பாலையானது, தூர தேசத்திலிருந்து ஆட்கள் வந்து மறுபடி பச்சையாக்குவார்கள் என்று கதை முடிகிறது. வந்தவர்கள் மரம் நடுவதற்கு முன் செய்த காரியம் வரப்பு கட்டியது. நீர் ஓடாமல் நிற்க வேண்டும், நின்றால்தான் மண் தங்கும், மண் தங்கினால்தான் செடி பிழைக்கும். முதலில் ஆஸ்திரேலிய அக்கேசியா போல வேகமாக வளரும் மரங்கள், அவற்றின் நிழலில் கருங்காலி, காயா போன்ற இந்தக் கடற்கரைக் காட்டுக்கே உரிய மரங்கள். இலட்சக்கணக்கில் நட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அக்கேசியாக்கள்தான் அதிகம் விழுந்தன என்று என்னை அழைத்துப் போனவர் சொன்னார். விழுந்த இடத்தில் வெளிச்சம் வந்து, கீழே காத்திருந்த நாட்டு மரங்கள் எழுந்ததையும் காட்டினார்.

நாங்கள் போனபோது ஒரு வரப்பு நிறையத் தண்ணீர், செந்நிறமாக, மேலே நுரை. அது உடையும் நிலையில் இருந்தது. அவர் மண்வெட்டியால் வரப்பின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு வாய் திறந்தார். நடுவில் திறக்கவில்லை, ஓரத்தில், அங்கே கல் பதித்திருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் அடுத்த பாத்திக்கு இறங்கியது. அங்கேயிருந்து அதற்கும் கீழே. மூன்றாவது பாத்தியில் போய்ப் பார்த்தால் நிறம் பாதி தெளிந்திருந்தது. மண் மேலேயே படிந்துவிட்டது. "நம்ம நெலத்துல பெஞ்ச மழ நம்ம நெலத்த விட்டுப் போவக் கூடாது. அம்பது வருசமா இதான் வேல" என்றார். தியானத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். மாத்ரி மந்திருக்கு அடிக்கடி போவீர்களா என்று. எப்போதாவது போவேன், இங்கே நிற்கும்போது இருக்கும் மனநிலைக்கும் அங்கே உட்காரும்போது இருப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றார். இதை அவர் பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னார். ஆரோவில்லை வைத்து ஆன்மிகம் பேசுகிறவர்கள் அந்த வரப்பு ஓரத்தில் ஒரு காலை நின்றுவிட்டுப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். வேலையை வழிபாடாகச் செய்வது என்று மேடையில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒருவர் வயதான முட்டியோடு சேற்றில் நின்று அதைச் செய்து பார்த்தது அங்கேதான்.

மாத்ரி மந்திருக்கும் போனேன். 1971இல் தொடங்கி 2008இல் கட்டி முடித்தது. உள்ளறைக்குள் உட்கார வேண்டும் என்றால் முன்பதிவு வேண்டும், செவ்வாய்க்கிழமை கிடையாது. என்னைப்போலத் திடீரென்று போகிறவர்கள் இறங்கிய அன்றே பதிவைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். கைப்பேசி உள்ளே வராது. வெள்ளைக் காலுறை கொடுப்பார்கள். சாய்தளத்தில் சுற்றிச் சுற்றி மேலே ஏற வேண்டும். அறை முழுக்க வெள்ளை, பன்னிரண்டு தூண்கள், நடுவில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த 70 செண்டிமீட்டர் கண்ணாடிக் கோளம். கூரைமேல் உள்ள ஒரு கண்ணாடி சூரியனைப் பின்தொடர்ந்து ஒரே ஒரு கதிரை அதன்மேல் இறக்குகிறது. படமில்லை, சிலையில்லை, ஊதுபத்தி இல்லை. இருமல் இருந்தால் உள்ளே போகாதீர்கள். எனக்கு அங்கே மனம் ஒருமைப்பட்டது உண்மை. வெளியே வந்ததும் அழுகை வந்ததும் உண்மை. எதற்கென்று ஆராயவில்லை. முதல்முறை போகிறவர்களுக்குக் கொடுக்கும் நேரம் குறைவு என்பதுதான் என் மனக்குறை, உட்கார்ந்து மூச்சு சீராகும்போது எழுந்திருக்கச் சொல்கிறார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு விஷயம் உறுத்தும், அதையும் மறைக்க வேண்டாம். ஒரு காப்பிக்கடையில் நான் தமிழில் கேட்கக் கேட்க, கல்லாவில் இருந்தவர் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார், அவரும் தமிழர்தான். இன்னோர் இடத்தில் ஒரு வெளிநாட்டு விருந்தினர் என்னைப் பணியாள் என்று நினைத்துத் துண்டு கேட்டார். தமிழ் மண்ணில், தமிழ் உழைப்பில் நிற்கும் ஊரில் தமிழ் பின்வாசல் வழியாக நடமாடுவது எனக்கு வலித்தது. சோற்றுப் பானையைத் தூக்குகிறவர், தோட்டம் கூட்டுகிறவர், கட்டடம் கட்டுகிறவர் எல்லாரும் சுற்றுக் கிராமத்திலிருந்து தினமும் வருகிற நம் ஆட்கள். பாரத் நிவாஸில் தமிழ் மரபு மையம் இருக்கிறது, கோட்டக்கரையில் ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறையில் உள்ளூர் இளைஞர்கள் அற்புதமாக வேலை செய்கிறார்கள், காட்டுக்காரர் போலத் தமிழில் வாழ்கிற வெளிநாட்டவரும் உண்டு. அதெல்லாம் இருந்தும் போதாது. நாம் போனால் வாய் திறந்து தமிழில் பேச வேண்டும். நமக்குக் கிடைக்கும் ஊர், ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிற விருந்தினருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

ஊருக்குள் சண்டையும் இருக்கிறது. அன்னை 1973இல் மறைந்த பிறகே நிர்வாகம் யாருடையது என்ற வழக்கு வந்து, கடைசியில் 1988இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. இப்போதைய பிரச்சினை, நகர வரைபடத்தில் உள்ள வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்களை வெட்டியதில் தொடங்கியது. பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு வந்தால் இருவர் முகம் இறுகும், ஒருவர் எழுந்து போவார். வேலிக்கு வெளியே இருந்து வந்த நமக்கு அதில் தீர்ப்பு சொல்லும் தகுதி கிடையாது. ஆனால் சண்டையில்லாத சொர்க்கம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

பாண்டிச்சேரிக்குப் போய்ச் சமாதியையும் பார்த்துவந்தேன். பூக்களை அடுக்கியிருக்கும் அழகு ஒன்றே போதும். அரவிந்தர் 1910இல் அந்த ஊருக்கு வந்தபோது பாரதியார் ஏற்கெனவே அங்கே இருந்தார். பழைய தெருக்களில் நடக்கும்போது அந்த நினைப்பு வராத தமிழர் இருக்க முடியாது.

பெண்கள் பாதுகாப்பு. பகலில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வாடகை மிதிவண்டியில் எல்லா இடமும் சுற்றினேன். ஸ்கூட்டருக்கு அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வேண்டும், அது இல்லாமலும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், வாங்காதீர்கள். இருட்டிய பிறகு காட்டுச் சாலைகளில் விளக்கு இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. பொழுது சாய்ந்தால் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள், வெளியே போயே ஆக வேண்டும் என்றால் விடுதிக்குத் தெரிந்த ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லுங்கள். இதில் வீரம் காட்ட வேண்டியதில்லை.

சென்னை விமான நிலையத்திலிருந்து காரில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் மூன்று மணி நேரம். பேருந்தில் வந்தால் பெரிய முதலியார்சாவடியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஊருக்குள் ஆரோகார்டு என்ற அட்டையில் பணம் போட்டுச் செலவழிக்க வேண்டிய இடங்கள் உண்டு, மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் மூடியிருக்கும். கொசு மருந்து, டார்ச், சீக்கிரம் காயும் துணி, மழைக்காலத்தில் குடையைவிட மழைச்சட்டை.

தங்கச்சி இப்போது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறாள். அம்மாவுக்கு முட்டி வலி. என் பதில்: ஜனவரி பிப்ரவரியில் போ, மழை இருக்காது, வெயிலும் தாங்கும். அம்மாவைப் பாண்டிச்சேரிக்குள் மேற்கத்தியக் கழிப்பறை உள்ள ஓட்டலில் தங்கவை, பகலில் காரில் ஆரோவில்லுக்குக் கூட்டிவா. விசிட்டர் சென்டரிலிருந்து பார்வை மேடைக்கு ஒரு கிலோமீட்டர் போல நடை, முடியாதவர்களுக்கு வண்டி இருக்கிறதா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடு. குயிலாப்பாளையம் பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொடு, பல்லுக்குக் கொஞ்சம் கடினம், பாலில் தோய்த்தால் சாப்பிடுவார். அம்மாவை ஊருக்கு அனுப்பிவைத்த பிறகு, உனக்கு லீவு மிச்சம் இருந்தால், நீ மட்டும் திரும்பிவந்து தங்கு. அந்த அக்காவின் விடுதி எது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.